மூணு மாசம் தேடுன சக்கரம்

காலைப் பார்த்து வைங்க சார். சாக்குக்குள்ள இருக்கிறது இரும்பு. இடிச்சீங்கன்னா உங்க விரல்தான் போகும், அதுக்கு ஒண்ணும் ஆகாது. உட்காருங்க. சன்னல் பக்கம் வேணும்னா எடுத்துக்கங்க, நான் இதைக் காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு இருக்கணும். விட்டா உருண்டு டிரைவர்கிட்டப் போயிரும். நீங்களும் போடிக்கா? அப்ப ரெண்டரை மணி நேரம் ஆகும்.

என்னதுன்னா கேக்குறீங்க? டிஸ்க்கு சார். ஜீப்புச் சக்கரம். டயரு இல்லாத வெறும் இரும்புச் சக்கரத்தை நாங்க டிஸ்க்குன்னுதான் சொல்லுவோம். ஜீப்பு வச்சிருக்கவன் பஸ்ஸுல எதுக்கு வர்றான்னு நெனைக்கிறீங்க. நானும் அதைத்தான் நெனைச்சுக்கிட்டு வர்றேன். நெனைக்க நெனைக்கக் குமட்டுது. எங்க ஊரு சனம், என் பொண்டாட்டி தம்பி, இப்பப் பார்த்துட்டு வர்ற மதுரைக் கடைக்காரன், ஒருத்தனும் மிச்சமில்லை. தூ.

எம்பேரு மொக்கராசு. பதினோரு வருசமா போடியில இருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆளு ஏத்துறேன். வெள்ளன அஞ்சு மணிக்குப் பொம்பளையாளுகளை ஏத்திக்கிட்டு மலை ஏறி, பார்டர் தாண்டி, எஸ்டேட்டுல இறக்கிவிடணும். சாயங்காலம் திரும்பக் கூட்டியாரணும். மெயின் ரோடு விட்டு இறங்கினா கடைசி ஏழு கிலோமீட்டருக்கு ரோடுன்னு ஒண்ணு கெடையாது. பாறைதான். மழை பேஞ்சா பாறையும் சேறும். என் வண்டியில பதிமூணு பேரு. அதே பதிமூணு பேருதான் முதல் நாள்ல இருந்து. அந்தச் செட்டுக்குப் பெருமாயி அக்காதான் எல்லாம். எந்த வண்டியில ஏறணும், எந்த எஸ்டேட்டுக்குப் போகணும், அது வாயில இருந்து வந்தாத்தான் உண்டு.

இப்ப அந்தச் செட்டு என் வண்டியில ஏறுறதில்லை. நாப்பது நாளாச்சு. அவங்க திரும்ப ஏறணும் சார். அம்புட்டுத்தான் எனக்கு வேணும். அதுக்குத்தான் இதைத் தூக்கிக்கிட்டு விடியக்காலையில கெளம்பி மதுரைக்கு வந்தேன்.

எங்கிருந்து சொல்றது? டிஸ்க்குல இருந்தே சொல்றேன். பழைய டிஸ்க்கு நாலும் கோணிப்போச்சு. பாறையில மோதி மோதி விளிம்பு நெளிஞ்சு, நாளுக்கு ஒரு தடவை காத்து இறங்கும். தட்டித் தட்டி நிமித்தி ஓட்டினேன். ஆனி மாசம் ஒரு நாள் முடிவு பண்ணினேன், இனிமே தட்டுற வேலை ஆகாது, புதுசு நாலும் வாங்குவோம், ஆனா சாகுற வரைக்கும் மாத்தாத மாதிரி வாங்குவோம்னு.

சொன்னதுதான் தாமதம், ஊரே ஆலோசனை சொல்ல வந்துருச்சு. ஒருத்தன் அலாய் வீல் போடுங்கிறான். அலாய்! பளபளன்னு, நட்சத்திரம் நட்சத்திரமா. கல்யாண ஊர்வலத்துக்குப் போடலாம். பாறையில ஒரு இடி விழுந்தா பீங்கான் தட்டு மாதிரி விரிசல் விடும், விட்டா அது குப்பை. இரும்பு அப்படியா? இரும்பு வளையும். வளைஞ்சாலும் ஊரு வந்து சேரும். சுத்தியலால தட்டினா நிமிந்துக்கும். இதைச் சொன்னா, போன்ல வீடியோவைக் காட்டுறான் சார், எவனோ ஒருத்தன் கடற்கரை மணல்ல கார் ஓட்டுறான். ஏன்டா, அவன் வண்டியில பதிமூணு பொம்பளையாளு இருக்காடான்னு கேட்டேன். போனை மடிச்சுப் பையில போட்டுட்டுப் போயிட்டான்.

இன்னொருத்தன் காயலான் கடை டிஸ்க்கை அறுத்து நடுவுல தகடு வச்சு வெல்டு அடிச்சு அகலமாக்கித் தர்றேங்கிறான். அகலமா இருந்தா கெத்தாம். அந்தச் சக்கரத்தைப் பார்த்தேன். வெல்டு எப்படி இருக்குங்கிறீங்க? எறும்புப் புத்து மாதிரி கட்டி கட்டியா. கையால தொடவே அருவருப்பா இருந்துச்சு. இதுல ஆளை ஏத்துறவன் சோத்துல கை வைப்பானா?

நான் தேடினேன் சார். மூணு மாசம். திண்டுக்கல், மதுரை, கோயமுத்தூர்னு அலைஞ்சேன். கையில ஒரு ஸ்பேனரு. கடைக்குள்ள போவேன், டிஸ்க்கை நிமித்தி வைப்பேன், ஸ்பேனரால ஒரு தட்டு. குடம் வாங்குற பொம்பளை சுண்டிப் பார்க்கிற மாதிரி. கணீர்னு கேக்கணும். மொட்டுன்னு கேட்டா உள்ள வெல்டு சரியில்லை, இல்லைன்னா தகடு மெலிசு. அப்புறம் தூக்கிப் பார்ப்பேன். நடுத்தகடு விளிம்போட சேர்ற இடத்துல சுத்திவர விரலை ஓட்டுவேன். ஒரு எடத்துல பள்ளம் தட்டுப்பட்டாலும் திருப்பி வச்சிருவேன். கடைக்காரனுக எல்லாம் என்னைப் பார்த்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கிட்டானுக.

என் பொண்டாட்டி சொல்றா, "என்னையப் பொண்ணு பார்க்க வந்தப்ப காப்பி ஆறுற நேரம்கூட நீங்க இருக்கலை. இரும்புக்கு இந்த அலைச்சலா?" நான் சொன்னேன், உன்னைய நம்பி பதிமூணு பேரு பாறையில ஏறப் போறதில்லைடீ. சரிதானே சார்? சிரிக்காதீங்க.

கடைசியில மதுரையில ஒரு கடையில கிடைச்சுது. கறுப்பா, கனமா, ஒரு ஆட்டம் பாட்டம் இல்லாம. தட்டினேன். ஆகா! கோயில் மணி கெட்டுது போங்க. நாலையும் வாங்கிட்டு வந்து இறக்கினப்ப எங்க தெருவே வந்து பார்த்துச்சு. வந்தவன்ல ஒருத்தனாவது நல்லா இருக்குன்னு சொன்னானா? "இரும்புதானே"ன்னுட்டுப் போயிட்டான்.

அதுல ஒருத்தன் என் பொண்டாட்டி தம்பி. பரமன். அவனும் ஜீப்புதான் ஓட்டுறான். அவன் டிஸ்க்கைப் பார்க்கணும் நீங்க. துரு, நெளிசல், ஒரு விளிம்புல சுத்தியல் பட்ட தழும்பு எண்ண முடியாது. வாயில எந்நேரமும் வெத்திலை. அவன் ஸ்பேனரு மேல எண்ணெயா, வெத்திலை எச்சியான்னு அவனுக்கே தெரியாது. பயந்தாங்கொள்ளி வேற. தெனமும் வண்டி எடுக்கிறதுக்கு முன்னால ஒவ்வொரு சக்கரமா குனிஞ்சு, ஒவ்வொரு நட்டா முறுக்கிப் பார்ப்பான். மலை மேல சோதனைச் சாவடியில டீக் குடிக்க நிறுத்தினா அங்கயும் ஒரு சுத்து. நல்ல டிஸ்க்கு போட்டவனுக்கு அந்த வேலை எதுக்கு? நாங்க எல்லாம் பார்த்துச் சிரிப்போம்.

என்ன ஊரு இது, செக்கானூரணியா? சரி, இன்னும் கெடக்கு.

டிஸ்க்கு வந்து இறங்கினது ஆயுத பூசைக்கு நாலு நாளைக்கு முன்னால. கடையில கொடுத்த கறுப்புப் பெயிண்டு எனக்குத் திருப்தி இல்லை. மலையில பனி, மழை, துரு ஏறும்ல? நானே உட்கார்ந்து எனாமல் அடிச்சேன். மூணு கோட்டு. நடுவுல வெள்ளி, விளிம்புல செவப்பு. பிரஷ் போகாத எடம் இல்லை. நட்டு உட்கார்ற ஓட்டைக்குள்ளகூட விட்டு விட்டு அடிச்சேன். அங்கதானே தண்ணி நிக்கும்? பெயிண்டுக்காரன் அடிச்சிருந்தா மேலாப்புல அடிச்சிட்டுப் போயிருப்பான். பூசைக்கு முதல் நாள் நாலையும் நானே மாட்டினேன். மெக்கானிக் கையைக்கூட விடலை.

பூசை அன்னிக்கு ஓட்டம் கெடையாது. வண்டியைக் கழுவி, வாழைக்கன்னு கட்டி, மாலை போட்டு, சந்தனம் வச்சோம். ஸ்பேனரு, ஜாக்கி, சுத்தியல், திருப்புளி எல்லாத்தையும் கழுவிப் பொட்டு வச்சு சாமி படத்துக்கு முன்னால அடுக்கினோம். சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வச்சு வண்டியை ஏத்தி நசுக்கினேன். பூசணிக்காய் உடைச்சாச்சு. பெருமாயி அக்கா வந்து டிஸ்க்கைத் தடவிப் பார்த்து, "ராசு, மாப்பிள்ளை கெணக்கா இருக்குடா"ன்னுச்சு. பதினோரு வருசத்துல அது என்னைப் பாராட்டினது அந்த ஒரு தடவைதான் சார். ஏன் பொய் சொல்லணும், எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

மறுநாள் எஸ்டேட்டுல இருந்து போன். காய் பழுத்து நிக்குது, ஆளு அனுப்புன்னு. வெள்ளன அஞ்சு மணிக்கு எடுத்தேன். சாமான் எல்லாம் சாமி முன்னால இருக்கு. பூசையில வச்ச ஆயுதத்தை மறுநாள் நேரம் பார்த்து, மறுபூசை போட்டு, சூடம் காட்டித்தான் கையில எடுக்கணும். எங்க வீட்டுல எங்க அப்பா காலத்துல இருந்து அப்படித்தான். நல்ல நேரம் பத்தரைக்கு மேலதான். அதனால ஸ்பேனரை எடுக்காமக் கெளம்பிட்டேன்.

கொண்டை ஊசி வளைவு ஏற ஏற, பின்பக்கம் இடது சக்கரத்துல ஒரு சத்தம். டொக்கு, டொக்குன்னு. எனக்கும் கேட்டுச்சு. புது டிஸ்க்கு, பழகுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனைச்சேன். பெருமாயி அக்கா எப்பவும் அந்தச் சக்கரத்துக்கு மேலதான் உட்காரும். அது சத்தம் போடுது, "ராசு, எனக்குக் கீழ என்னமோ ஆடுதுடா. நிப்பாட்டி நட்டை முறுக்கு."

மேல சாவடியில டீக்கு நிறுத்தினேன். நிறுத்தலைன்னு யாரும் சொல்ல முடியாது. "ஸ்பேனரு பூசையில இருக்குக்கா"ன்னேன். அக்கா என்ன கேட்டுச்சு தெரியுமா? "வண்டியும் பூசையிலதானடா இருந்துச்சு. அதை எடுத்த, ஸ்பேனரை எடுத்தா சாமி கண்ணைக் குத்திருமா?" எவ்வளவு பெரிய பேச்சு பார்த்தீங்களா! வண்டிக்கு முதல் நாளே சூடம் காட்டி, பழம் ஏத்தி, ஓட்டி முடிச்சாச்சு. அது வேற. சாமி முன்னால அடுக்கினது வேற. இது எங்க வீட்டுக் கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அந்நேரம் பார்த்து பரமன் அவன் வண்டியை எங்களுக்குப் பின்னால நிறுத்துறான். வாயில வெத்திலை. பேச்சைக் கேட்டுட்டு, அவன் ஸ்பேனரை எடுத்துக்கிட்டு என் சக்கரத்துக்கிட்ட வந்து குனியுறான். சொன்னேன்ல, எண்ணெயும் எச்சியுமா இருக்குமே, அதே ஸ்பேனரு. என் புது பெயிண்டு மேல. "எடுடா கையை"ன்னேன். "மாமா, ரெண்டு சுத்துதான், முறுக்கி விட்டுர்றேன்"ங்கிறான். "மூணு மாசம் தேடி வாங்கின டிஸ்க்குடா இது, உன் ஓட்டைச் சக்கரம் மாதிரி தெனமும் தடவிக் குடுக்க வேண்டியதில்லை"ன்னு நாலு பேருக்கு முன்னாலயே சொன்னேன். பொம்பளையாளுக எல்லாம் சிரிச்சாங்க. அக்கா மட்டும் சிரிக்கலை. ஏறி அது எடத்துலயே உட்கார்ந்துச்சு.

எஸ்டேட்டுக்கு இன்னும் ரெண்டு கிலோமீட்டர். இறக்கம். நடக்கிற வேகம்தான். வண்டி பின்னால ஒரு பக்கம் சரக்குன்னு இறங்குது. பார்த்தா எங்க சக்கரம் எங்களுக்கு முன்னால உருண்டு போகுது சார். என் செவப்பு விளிம்பு, என் வெள்ளி, எல்லாம் சுத்திக்கிட்டு. வண்டி அப்படியே இடது பக்கமாச் சாஞ்சுருச்சு. ஒருத்தி மேல ஒருத்தி. நான் குதிச்சு ஓடினேன்.

உசுருச் சேதம் இல்லை. அதுக்கு அந்த எலுமிச்சம்பழம்தான் காரணம்னு நான் இன்னும் நம்புறேன். பன்னிரண்டு பேருக்கு சிராய்ப்பு, வீக்கம். பெருமாயி அக்காவுக்கு மட்டும் தொடை எலும்பு முறிஞ்சுபோச்சு. பின்னாலயே வந்த பரமன் வண்டியிலதான் படுக்க வச்சு இறக்கினோம். தேனியில கம்பி வச்சுருக்காங்க. இனிமே அது மலை ஏறி காய் எடுக்குமான்னு டாக்டர் ஒண்ணும் சொல்லலை. கேஸு கீஸு வேண்டாம்னு அதுவே சொல்லிருச்சு. வைத்தியத்துக்கு நான் நீட்டினதையும் வாங்கலை. "அதை உள்ள வை"ன்னு மட்டும் சொல்லுச்சு.

பத்து நாள் கழிச்சுப் போய்க் கேட்டேன், செட்டு எப்பக்கா வண்டி ஏறும்னு. படுத்த வாக்குல என்னைய ஏற இறங்கப் பார்த்துச்சு. "சக்கரம் தப்புன்னா சக்கரம் தப்புன்னு சொல்லு. வேற சக்கரம் மாட்டிக்கலாம். உன் தப்புன்னா உன் தப்புன்னு சொல்லு. மனுசன்னா தப்புப் பண்ணத்தான் செய்வான். ரெண்டுல ஒண்ணு உன் வாயால சொல்லு ராசு, நாளைக்கே ஏறச் சொல்றேன். ரெண்டுமே இல்லைன்னு நின்னீன்னா, அவளுகளை நான் யாரை நம்பி ஏத்துறது?"ன்னுச்சு.

என் தப்பு என்ன சார் இருக்கு? நீங்களே சொல்லுங்க. முறைப்படி பூசை போட்டது தப்பா? நல்ல டிஸ்க்கா தேடினது தப்பா? துரு ஏறாம பெயிண்டு அடிச்சது தப்பா? சரி, அப்ப சக்கரம் தப்புன்னு ஆகணும். ஆனா அதை என் வாயால எப்படிச் சொல்லுவேன்? அதைச் சொல்லாமலே அக்கா வீட்டுக்குப் போயிப் போயித் திரும்பிக்கிட்டு இருந்தேன். செட்டு பரமன் வண்டியில போகுது. அந்த நெளிஞ்ச சக்கரத்துல! அவன் ரெண்டு நடை அடிக்கிறான். தெருவுல அவன் வண்டி போறப்ப என் வண்டி கல்லு மேல நிக்குது. சாப்பாடு இறங்கலை சார். எதை வாயில வச்சாலும் துப்பத்தான் தோணுது.

சரி, கடைக்காரன் சொல்லட்டும்னு இன்னிக்கு இதைத் தூக்கிட்டுப் போனேன். அவன் கண்ணாடியை மாட்டிக்கிட்டு சுத்திப் பார்த்தான். விளிம்புல ஒரு நெளிசல் இல்லை. மலையில உருண்டு கல்லுல மோதி நின்ன சக்கரம்! ஆனா நட்டு ஓட்டை அஞ்சும் தேஞ்சு நீண்டு போயிருக்கு. அவன் நகத்தை ஓட்டைக்குள்ள விட்டு ஒரு கீறு கீறினான். என் எனாமல் அப்பளம் கெணக்கா உரிஞ்சு வருது. "இதுக்குள்ள யாரு பெயிண்டு அடிச்சது?"ன்னான். நான் சாக்கை எடுத்து மடிக்க ஆரம்பிச்சேன். "நட்டு இரும்பு மேல உட்காரணும்யா. பெயிண்டு மேல உட்கார்ந்தா, பெயிண்டு நசுங்கினதும் நட்டு லூசாகும். எதுவா இருந்தாலும் புதுசு மாட்டினா அம்பது கிலோமீட்டர்ல திரும்ப முறுக்கணும். பில்லுக்குப் பின்னால அச்சடிச்சே குடுத்தோமே"ன்னான்.

கத்தினேன் சார். கடையில அம்புட்டுக் கூட்டத்துக்கு முன்னால கத்தினேன். என் டிஸ்க்கை, என் பெயிண்டை, என் வேலையைக் குறை சொல்றியான்னு. அவன் என்ன பண்ணினான் தெரியுமா? ஒரு தாளை எடுத்தான். கடைப் பேரு போட்ட தாள். "உங்களுக்கு என்ன வேணும், சக்கரத்துல கோளாறுன்னு லெட்டர்தானே? இந்தாங்க"ன்னு எழுதி, சீல் குத்தி, கையெழுத்துப் போட்டு நீட்டிட்டான். "எடுத்துக்கிட்டுப் போங்க, யாவாரம் கெடுது"ங்கிறான்.

இந்தா பாருங்க, பையில இருக்கு. தயாரிப்பில் குறைபாடுன்னு எழுதியிருக்கான். சீ! விக்கிற பொருள் மேல ஒரு மருவாதி வேண்டாமா? தட்டினா மணி மாதிரி கேட்ட இரும்பு. அதைப் போயி கோளாறுன்னு கூசாம எழுதுறான். இந்தத் தாளைக் காட்டினா செட்டு நாளைக்கே ஏறிரும். நான் தேடி வந்தது கிடைச்சாச்சு. ஆனா ஆரப்பாளையத்துல பஸ் ஏறினதுல இருந்து, "அக்கா, சக்கரம்தான்க்கா தப்பு"ன்னு மனசுக்குள்ள சொல்லிப் பார்க்கிறேன். வரலை சார். ஆண்டிப்பட்டிக் கணவாய் வந்துருச்சு, இன்னும் வரலை. உங்ககிட்டயாவது ஒரு தடவை சத்தமாச் சொல்லிப் பார்க்கிறேன். சக்கரம்... சக்கரம்...

ம்ஹூம். நல்ல சக்கரம் சார் அது.

தேனியும் தாண்டிருச்சு. ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொன்னதில்லை. வண்டி சாஞ்சதும் குதிச்சு ஓடினேன்னு சொன்னேன்ல? எங்க ஓடினேன் தெரியுமா? சக்கரத்துக்கிட்ட. பன்னிரண்டு பொம்பளையாளு கத்துறாங்க, அக்கா வண்டிக்கு அடியில கெடக்குது, நான் ஏலச்செடிக்குள்ள புகுந்து, சக்கரத்தைத் தூக்கி, விளிம்பு நெளிஞ்சிருக்கான்னு விரலை ஓட்டிப் பார்க்கிறேன். நெளியலைன்னு தெரிஞ்சதும் சந்தோசப்பட்டேன் சார். ஒரு நிமிசம். திரும்பினா, பரமன் ஒத்தை ஆளா வண்டிக்கு முட்டுக் குடுத்துக்கிட்டு, "மாமா, இங்க வாங்க மாமா"ன்னு கூப்பிடுறான். அக்கா என்னையவே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. அழலை. கையில சக்கரத்தோட நிக்கிறதைப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு. ஊரைப் பார்த்துக் குமட்டுதுன்னு இம்புட்டு நேரம் சொன்னேனே, எல்லாம் பொய்யி. என்னையப் பார்த்துத்தான் எனக்குக் குமட்டுது.

போடி வந்துருச்சு. அந்தா, அரச மரத்துக்கிட்டப் பரமன் வண்டி நிக்குது பாருங்க, பொம்பளையாளுக இறங்குறாங்க. இந்தத் தாளை நீங்களே வச்சுக்கங்க சார். கிழிச்சு வெளிய போட்டுருங்க, எனக்குக் கை வர மாட்டேங்குது.

நேரா அக்கா வீட்டுக்குத்தான் போறேன். மன்னிச்சுக்கக்கான்னு எல்லாம் எனக்குப் பேச வராது. "அக்கா, டிஸ்க்கு நல்ல டிஸ்க்குக்கா"ன்னு சொல்லுவேன். அம்புட்டுத்தான் என் வாயில வரும். அது வெவரமான பொம்பளை. ரெண்டுல ஒண்ணு இல்லைன்னா மத்தது எதுன்னு அதுக்குத் தெரியும். அதுக்கப்புறம் அது என்ன கேள்வி கேட்டாலும் நின்னு கேட்டுக்கிறேன்.